2எச், 4எச், 4எல்: அமிர்தி – ஜமுனாமரத்தூர் ரூட்ல எங்கே எதைப் போடணும்?

கணியம்பாடி_பிக்கப்

வண்டி பார்ட்-டைம் 4 வீல் டிரைவ் பிக்கப். டீசல், மேனுவல் கியர். டேஷ்போர்டுல திருகுற நாப் இருக்கு: 2எச் (பின் வீல் ரெண்டுக்கு மட்டும் விசை), 4எச் (நாலு வீலுக்கும், சாதா வேகம்), 4எல் (நாலு வீலுக்கும், மெதுவா ஆனா விசை கூட). பின் கிரவுன்ல (ரெண்டு பின் வீலுக்கும் விசை பிரிக்கற டிஃபரன்ஷியல்) ரெண்டு வீலையும் ஒண்ணா பூட்டற லாக் கிடையாது. தனியா ஈகோ, பவர்னு ஒரு பட்டன்.

ரூட்டு: வேலூர், கணியம்பாடி, அமிர்தி, அங்கேருந்து காட்டு வழியா ஜமுனாமரத்தூர். ஏறும்போது பாடி காலி. இறங்கும்போது ஆர்.சி.யில போட்ட எடைக்குள்ள சாமை, புளி மூட்டை. ஐப்பசி, கார்த்திகையில ஒரே டிரிப்ல நல்ல தார், ஜல்லி பேந்த தார், மலை கிராமத்துக்குப் பிரியுற இடத்துல செம்மண் சேறு, குறுக்க ஓடைத் தண்ணினு எல்லாம் மாறி மாறி வருது.

ஈரத் தார்ல வளைவுக்கு 4எச் போட்டா பிடிப்பு கூடும்னு சிலர் சொல்றாங்க, அப்படிப் போட்டா டிரான்ஸ்பர் கேஸ் (கியர்பாக்ஸ் விசையை முன், பின் ஆக்சிலுக்குப் பிரிக்கற பெட்டி) போயிடும்னு சிலர் சொல்றாங்க. எது சரி? சேறு வந்து வழுக்க ஆரம்பிச்ச பிறகு நாப்பைத் திருப்பணுமா, முன்னாடியேவா? லோடோட இறங்கும்போது 4எல் போடலாமா? பவர் மோட் ஏத்தத்துக்கு உதவுமா?

---

அரை_கிளட்ச்

கடைசிக் கேள்விக்கு மட்டும் நான். ஈகோ, பவர் பட்டனுக்கும் வீலுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல. ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்தினா இன்ஜின் எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்லணும்கிறதை மட்டும்தான் அது மாத்துது. பவர்ல லேசா மிதிச்சாலே துள்ளும். சேத்துல அது கெடுதல்தான், வீல் சுத்திடும். வழுக்கற இடத்துல ஈகோ போட்டா கால் நடுக்கம் வண்டிக்குப் போய்ச் சேராது. பவர் மோடை லோடோட நல்ல தார் ஏத்தத்துக்கு வச்சுக்குங்க.

---

ஹப்_பேரிங்

ஈரத் தார் வளைவுல 4எச் வேண்டாம். "போயிடும்"னு சும்மா சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, கணக்கு போட்டே காட்டிடறேன்.

இந்த வகைப் பிக்கப்புக்கு வீல்பேஸ் (முன், பின் ஆக்சிலுக்கு நடுவுல உள்ள தூரம்) ஏறத்தாழ 3.1 மீட்டர். ஒரு கொண்டை ஊசி வளைவுல பின் ஆக்சிலோட நடுப்பகுதி 8 மீட்டர் ஆரத்துல அரைவட்டம் அடிக்குதுன்னா அது ஓடுற தூரம் 25.1 மீட்டர். அதே வளைவுல முன் ஆக்சில் நடு 8.6 மீட்டர் ஆரத்துல போகும், 27 மீட்டர் ஓடும். வித்தியாசம் கிட்டத்தட்ட 1.8 மீட்டர். 255/65 ஆர்17 டயர் ஒரு சுத்துக்கு 2.4 மீட்டர் போகும். ஆக முன் வீல் பின் வீலை விட முக்கால் சுத்து கூட சுத்தியாகணும். கிரவுன் ரேஷியோ (வீல் ஒரு சுத்துக்கு ஷாஃப்ட் எத்தனை சுத்து) 4-க்குப் பக்கம்னு வச்சா, முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (டிரான்ஸ்பர் கேஸ்ல இருந்து ஆக்சிலுக்குப் போற தண்டு) பின்னாடி ஷாஃப்டை விட 3 சுத்து கூட சுத்தணும். எல்லாம் ஒரே ஒரு வளைவுக்கு.

4எச்-ல இந்த ரெண்டு ஷாஃப்டையும் டிரான்ஸ்பர் கேஸ் ஒண்ணா பூட்டி வச்சிருக்கு. பார்ட்-டைம் வண்டியில நடுவுல டிஃபரன்ஷியல் (ரெண்டு ஷாஃப்டையும் வேற வேற வேகத்துல சுத்த விடற கியர்) இல்ல. அந்த 3 சுத்து எங்கயாவது கழியணும். சேத்துலயும் மணல்லயும் டயர் கொஞ்சம் வழுக்கிக் கழிச்சிடும், நமக்குத் தெரியாது. தார்ல டயர் விடாது. முறுக்கம் ஷாஃப்ட், யூ.ஜே. கிராஸ் (ஷாஃப்ட் மூட்டு), செயின், கியர் பல்லுன்னு ஏறி உட்கார்ந்துக்கும். ஸ்டியரிங் கனமாகும், வண்டியை யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கும், கடைசியில ஒரு டயர் "டக்"னு குதிச்சு விடுவிச்சுக்கும். தார் ஈரமா இருந்தாலும் மெதுவா திரும்பற வளைவுல டயர் பிடிச்சுத்தான் நிக்கும். மழைன்னு பேர்தான், முறுக்கம் முறுக்கம்தான்.

இன்னொரு தப்புக் கணக்கு: இடது வளைவுல ஏறின முறுக்கம் அடுத்த வலது வளைவுல சரியாயிடும்னு நினைக்கறது. ஆகாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் முன் வீல்தான் கூட ஓடுது, அதனால மேல மேல ஏறிக்கிட்டே போகும். ஏலகிரியில 14 கொண்டை ஊசி. 4எச்-ல ஏறினா எத்தனை 1.8 மீட்டர்னு நீங்களே பெருக்கிப் பாருங்க.

அப்புறம் 4எச் போட்டா பிரேக் நல்லா பிடிக்கும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. நிறுத்தறது நாலு டயரும் தரையும்தான், 2எச்-லயும் அதே நாலு டயர்தான். 4எச் முன்னாடி தள்ள உதவும், நிறுத்த உதவாது. ஈரத் தார்ல செய்ய வேண்டியது ஒண்ணுதான்: 2எச், வளைவுக்கு முன்னாடியே கியர் குறை, வளைவுக்குள்ள பிரேக் மிதிக்காதே.

தாரும் சேறும் மாறி மாறி வந்தா? நடுவுல 50, 100 மீட்டர் தார் நேரா வந்தா 4எச்-லயே போயிடலாம், நேர்ல முறுக்கம் அதிகம் ஏறாது. தார்ல இறுக்கமான வளைவு தெரிஞ்சா அதுக்கு முன்னாடி 2எச் திருப்பிடுங்க. டயருக்கு வழுக்க இடம் இருக்கா இல்லையான்னு பார்த்தா போதும். மழை பெய்யுதா இல்லையாங்கறது ரெண்டாவது.

---

செம்மண்_டயர்

மேல சொன்னது முழுக்க சரி. முன்னாடியா பின்னாடியாங்கற கேள்விக்கு வர்றேன்.

இதுல ரெண்டு கட்சி. 2எச்-ல போய்ப் பாரு, நின்னா 4எச் போட்டு வெளியே வா, அப்பத்தான் கையில ஒண்ணு மிச்சம் இருக்கும்னு ஒரு கட்சி. கல்லு, சரளைன்னா அதுல நியாயம் இருக்கு. மழை ஊறின செம்மண்ணுக்கு அது பொருந்தாது. பின் வீல் ரெண்டு சுத்து சுத்தினதுமே பள்ளம் பறிச்சுடும், கிரவுன் ஹவுசிங் மண்ணுல உட்கார்ந்துடும். அப்புறம் 4எச் என்ன 4எல் என்ன, வயிறு தரையில இருக்கற வண்டி நகராது. அதனால தார் முடியற இடத்துலயே திருப்பிடுங்க.

திருப்பும்போது: ஸ்டியரிங் நேரா, ஆக்சிலரேட்டர்ல இருந்து கால் எடுத்து, 40 கி.மீ.க்குள்ள. கம்பெனி புத்தகத்துல இதை விடக் கூட வேகம் போட்டிருக்கும், போடட்டும். முக்கியமா பின் வீல் சுத்திக்கிட்டு இருக்கும்போது திருப்பாதீங்க. முன் ஷாஃப்ட் ஒரு வேகம், பின் ஷாஃப்ட் வேற வேகம். உள்ள ரெண்டு ஷாஃப்டையும் கோர்க்கற ஸ்லீவ் பல்லைச் சொரண்டிக்கிட்டுத்தான் ஏறும், அந்தச் சத்தம் ஒரு தடவை கேட்டா போதும். டேஷ்போர்டு விளக்கு மினுக்கறது நின்னு நிலையா எரிஞ்ச பிறகுதான் சேத்துல இறங்கணும். மினுக்கிக்கிட்டே இருந்தா முன் ஆக்சில் இன்னும் சேரலைன்னு அர்த்தம்.

சேத்து ஏத்தம்னா 4எச், ரெண்டாவது கியர், 1800-லிருந்து 2200 ஆர்பிஎம், சீரா ஒரே மாதிரி. நடுவுல கியர் மாத்தினா ஓட்டம் செத்துடும். வளைவுல 4எச் வண்டி திரும்பாம நேரா போகப் பார்க்கும், அப்ப ஸ்டியரிங்கை இன்னும் ஒடிக்காம ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் விடுங்க, முன் டயர் பிடிச்சுக்கும். டிராக்ஷன் கண்ட்ரோல் (வீல் வழுக்கிச் சுத்தினா தானா விசையைக் குறைக்கற வசதி) ரொம்ப அறுத்தா பட்டனை அழுத்தி அணைச்சிடலாம். ஆனா ஒரு வீல் அந்தரத்துல தொங்கற மேடு பள்ளத்துல அதை அணைக்கக் கூடாது. சுத்தற வீலை பிரேக் போட்டுப் பிடிச்சு, எதிர் வீலுக்கு விசை தள்றதே அதுதான். பின் கிரவுன்ல லாக் இல்லாத உங்க வண்டிக்கு அது இன்னும் முக்கியம். 1500 ஆர்பிஎம்ல காலை அசைக்காம வச்சுக் காத்திருங்க. ரெண்டு மூணு நொடி "கரகர"ன்னு சத்தம் வரும், அப்புறம் நகரும். பயந்து காலை எடுத்தா மறுபடி முதல்ல இருந்து.

இன்னொண்ணு, ஏறும்போது பாடி காலின்னு சொன்னீங்க. காலி பிக்கப்போட பின் பக்கம் இறகு மாதிரி. கட்டை (ஸ்பிரிங் பட்டை) விறைப்பா இருக்கும், எடை இருக்காது, ஈரத்துல பின் வீல்தான் முதல்ல சுத்தும். 50 கிலோ மணல் மூட்டை மூணு, பின் ஆக்சிலுக்கு நேர் மேல, இல்ல ஒரு அடி முன்னால வச்சு கயிறு போட்டுக் கட்டுங்க. பின் கதவு ஓரமா வைக்காதீங்க, அது முன் வீல் எடையைத் தூக்கிடும், ஸ்டியரிங் லேசாகி மலை ரோட்ல ஆபத்து. கட்டாமலும் வைக்காதீங்க, பிரேக் அடிச்சா மூட்டை கேபின் பக்கம் வந்துடும். மேல லோடு ஏத்தும்போது இந்த 150 கிலோவையும் கணக்குல சேர்க்க மறக்காதீங்க, இல்லன்னா மணலை அங்கயே கொட்டிடுங்க.

காத்து: இதைத்தான் எல்லாரும் விடறாங்க. நாப்பை விட காத்துதான் வேலை செய்யும். காலி வண்டியில சரளை, பேந்த ரோடுன்னா 26 பிஎஸ்ஐ. பாலாத்து ஓரத் தோட்டங்களுக்குப் போற மாதிரி தளர்ந்த மணல்னா 18. 15-க்குக் கீழ போனா வளைவுல டயர் ரிம்மை விட்டுக் கழண்டுடும். லோடு இருந்தா இந்த அளவு எதுவும் பொருந்தாது, 28-க்குக் கீழ இறக்காதீங்க, பக்கச் சுவர் வெந்துடும். காத்து இறக்கின டயர்ல 30 கி.மீ. தாண்டக் கூடாது. தார் ஏறினதும் கதவுத் தூண் ஸ்டிக்கர்ல போட்டிருக்கற அளவுக்கு ஏத்திடணும். 12 வோல்ட் சின்ன கம்ப்ரஸர் போதும், இன்ஜின் ஓட விட்டு ஏத்துங்க.

---

கணியம்பாடி_பிக்கப்

நன்றிண்ணா. மணல் மூட்டை விஷயம் யோசிக்கவே இல்ல. இன்னும் ரெண்டு. சில நேரம் சேறு தாண்டி தார் ஏறினதும் 2எச் திருப்பினா விளக்கு மினுக்கிக்கிட்டே இருக்கு, விட மாட்டேங்குது. அது ரிப்பேரா? இறக்கத்துக்கு 4எல் பத்தி யாரும் சொல்லலையே.

---

ஹப்_பேரிங்

ரிப்பேர் இல்ல. மேல சொன்ன முறுக்கம் தாங்க. ஸ்லீவ் பல்லு நெருக்கத்துல மாட்டிக்கிட்டு கழள முடியாம நிக்குது. நாப் 2எச்-லயே இருக்கட்டும். நிறுத்தி, பின்னாடி பார்த்துட்டு, 5, 6 மீட்டர் ரிவர்ஸ் எடுங்க. நெருக்கம் விடும், "டக்"னு கழளும், மினுக்கல் நிக்கும். வளைஞ்சு வந்ததால ஏறின முறுக்கம்னா வந்த வளைவிலேயே ரிவர்ஸ் போனா இன்னும் சுலபமா விடும், ஏன்னா அதே கணக்கு தலைகீழா ஓடுது. ரிவர்ஸ் எடுக்க இடம் இல்லாத மலை ரோடுன்னா, நேர்ப் பாதையில ஆக்சிலரேட்டரை லேசா மிதிச்சு விட்டு, மிதிச்சு விட்டுப் போங்க.

ஒவ்வொரு தடவையும் இப்படி அடம் பிடிச்சா டயரைப் பாருங்க. முன்னாடி புது டயர், பின்னாடி தேஞ்ச டயர்னு ஓட்டினா நேர் ரோட்லயே முறுக்கம் ஏறும். நாலும் ஒரே அளவு, ஒரே பிராண்டு, கிட்டத்தட்ட ஒரே தேய்மானம் இருக்கணும். 5,000 கி.மீ. போல ஒரு தடவை முன் பின் மாத்திடுங்க. ஸ்டெப்னி வேற அளவுன்னா, அதை மாட்டியிருக்கற வரைக்கும் 4எச் பக்கமே போகாதீங்க.

---

இறக்கம்_முதல்_கியர்

4எல் கேள்விக்கு.

லோடோட தார் இறக்கம்னா 4எல் கூடாது, 4எச்-ம் கூடாது. 2எச், ஏறும்போது எந்தக் கியர்ல ஏறினீங்களோ அதே கியர், இல்ல அதுக்கு ஒண்ணு கீழ. ரெண்டாவதோ மூணாவதோ. பிரேக்கை விட்டு விட்டு அழுத்துங்க, காலை வச்சுக்கிட்டே வந்தா பாதி மலையில லைனிங் வாடை வரும். நியூட்ரல் போட்டு டீசல் மிச்சம் பிடிக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல.

செம்மண்ணுல, உருண்டைக் கல்லுல செங்குத்து இறக்கம்னா 4எல்-தான். டிரான்ஸ்பர் கேஸ் வேகத்தைச் சுமார் இரண்டரை மடங்கு குறைக்கும். 4எல் முதல் கியர்ல ஐடில்ல மணிக்கு 3 கி.மீ. மாதிரி ஊர்ந்து இறங்கும். கிளட்ச்ல இருந்து காலை முழுசா எடுத்துடுங்க. கிளட்ச் மிதிச்ச அந்த நொடி இன்ஜின் பிடி போச்சு. ஆனா ஈரச் செம்மண்ணுல முதல் கியர் பிடிப்பு அதிகமாகி வீல் சுத்தாம நின்னு சறுக்கும், குறிப்பா பின் பக்கம் ஒதுங்கும். பிரேக்குக்குத்தான் கால் போகும், அது தப்பு. ஆக்சிலரேட்டரைத் துளி மிதிங்க, வீல் உருள ஆரம்பிச்சதும் ஸ்டியரிங் பேச்சைக் கேட்கும். அந்த மாதிரி மண்ணுக்கு 4எல் ரெண்டாவது கியர் நல்லது.

ஏத்தத்துலயும் 4எல் போட்டா முதல் கியர்ல கிளம்ப வேண்டியதில்ல. 4எல் மூணாவது கியர் சாதா முதல் கியருக்குப் பக்கத்துல வரும். முதல் கியர்ல விசை அதிகமாகி வீலைச் சுத்திவிடும். கிளம்ப ரெண்டாவது சரி.

மாத்தற முறை: வண்டி முழுசா நிக்கணும். ஹேண்ட் பிரேக் இழுங்க, கால் பிரேக்கையும் மிதிங்க. நியூட்ரல், கிளட்ச் அடி வரை. நாப்பைத் திருப்பி விளக்கு நிலையா எரியற வரை கிளட்சை விடாதீங்க. ஏறலைன்னா பல்லுக்குப் பல்லு நேரா நிக்குதுன்னு அர்த்தம், நியூட்ரல்லயே கிளட்சை ஒரு தடவை விட்டு மறுபடி மிதிச்சா பல்லு நகர்ந்து ஏறிடும்.

ஹேண்ட் பிரேக்கை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, 4எச்-க்கும் 4எல்-க்கும் நடுவுல டிரான்ஸ்பர் கேஸ் ஒரு நியூட்ரலைத் தாண்டிப் போகுது. அந்த நேரத்துல கியர்பாக்ஸுக்கும் வீலுக்கும் தொடர்பே கிடையாது. கியர் போட்டிருந்தாலும் பிடிக்காது, ஆட்டோமேட்டிக்ல பி (பார்க்) போட்டிருந்தாலும் பிடிக்காது. சரிவுல நிறுத்தி, விளக்கு மினுக்கும்போதே கீழ இறங்கி ரோட்டைப் பார்க்கப் போனா வண்டி தானா கிளம்பிடும். முடிஞ்சா சமதளத்துலயே, இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மாத்திடுங்க.

---

ஓடைத்_தண்ணி

எல்லாரும் சொன்னதுல ஓடை விட்டுப் போச்சு.

முதல்ல ஓடற தண்ணியா, நிக்கற தண்ணியான்னு பாருங்க. ஓடற தண்ணி முழங்காலுக்கு வந்தாலே இறங்காதீங்க. 60 செ.மீ. ஓட்டத்துல பெரும்பாலான வண்டி மிதந்து நகர்ந்துடும். காலி பாடி பிக்கப்போட பின் பக்கம் அதுக்கு முன்னாடியே தூக்கும். கம்பெனி விளம்பரத்துல போடற ஆழம் நிக்கற தண்ணிக்கு, தெரிஞ்ச தரைக்கு. 2021 நவம்பர்ல பாலாறு பொங்கினதைப் பார்த்த ஊர்க்காரங்களுக்குத் தரைப்பாலத்தைப் பத்தி நான் சொல்லத் தேவையில்ல. தண்ணிக்கு அடியில பாலம் இன்னும் இருக்கான்னே தெரியாது.

நிக்கற தண்ணி, ஹப் (வீலோட நடு) உயரத்துக்குள்ளன்னா: கரையில ரெண்டு நிமிஷம் நிறுத்தி கிரவுன் சூடு ஆறட்டும். சூட்டோட இறங்கினா உள்ள காத்து சுருங்கி, பிரீதர் குழாய் (கிரவுன் காத்து வாங்கற குழாய்) அடைஞ்சிருந்தா ஆயில் சீல் வழியா தண்ணியை உறிஞ்சிடும். 4எல் ரெண்டாவது கியர், நடக்கற வேகம், முன்னாடி ஒரு சின்ன அலை மட்டும் தள்ளிக்கிட்டுப் போகணும். தண்ணிக்குள்ள கிளட்ச் மிதிக்காதீங்க, பிளேட்டுக்குள்ள தண்ணி போகும். கரை ஏறினதும் பிரேக்கை லேசா அழுத்தி 50 மீட்டர் ஓட்டிக் காய வச்சுட்டு அப்புறம் இறக்கத்துல விடுங்க.

ஹப்புக்கு மேல தண்ணியில போன வண்டின்னா அந்த வாரத்துக்குள்ள முன் கிரவுன், பின் கிரவுன், டிரான்ஸ்பர் கேஸ் மூணுலயும் டிரெயின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில காலையில பார்க்கறது நல்லது, தண்ணி அடியில இறங்கி முதல்ல வந்துடும். ஆயில் பால் விட்ட காபி நிறத்துல இருந்தா அப்படியே மாத்திடணும். தள்ளிப் போட்டா பேரிங் துரு பிடிச்சு ஊளையிட ஆரம்பிக்கும், அப்ப செலவு வேற. திறக்கும்போது எப்பவும் மேல இருக்கற ஊத்தற போல்ட்டை முதல்ல கழட்டிப் பாருங்க. அது துருப்பிடிச்சு வரலைன்னா, ஆயிலை இறக்கிட்டு ஊத்த வழியில்லாம உட்காரணும்.

---

அரை_கிளட்ச்

ரெண்டு சின்ன விஷயம். கோடையில 2எச்-லயே ஓட்டி முன் ஆக்சிலைக் கோர்க்கற மோட்டார் இறுகிப்போய், மழை வந்த அன்னைக்கு 4எச் ஏறாம நிக்கற வண்டி நிறைய. மாசம் ஒரு தடவை மண் ரோட்ல 10 கி.மீ. 4எச், கூட ஒரு 200 மீட்டர் 4எல் ஓட்டிடுங்க. ஆயில் எல்லாப் பக்கமும் போய்ச் சேரும்.

சிக்கிட்டா ஆக்சிலரேட்டரை விட்டுடுங்க. மண்வெட்டியால நாலு டயருக்கும் முன்னாடியும் பின்னாடியும் சரிவா வெட்டி, கிரவுனுக்கு அடியில மண்ணை எடுத்து, தென்னை மட்டையோ சாக்கோ திணிச்சு, 4எல் ரிவர்ஸ்ல வந்த தடத்துலயே பின்வாங்குங்க. இழுக்க ஆள் வந்தா கயிறை இழுவைக் கொக்கியில மாட்டுங்க. லாரியில ஏத்திக் கட்டறதுக்குன்னு இருக்கற மெல்லிசு வளையத்துல மாட்டினா அது பிச்சுக்கிட்டுக் கண்ணாடி வழியா வரும். ரெக்கவரி வண்டியில ரெண்டு வீலை மட்டும் தூக்கி இழுக்கறதா இருந்தா, நாப் 2எச்-க்குத் திரும்பி விளக்கு அணைஞ்சதான்னு பார்த்துட்டு, பின் வீலைத் தூக்கச் சொல்லுங்க. 4எச்-லயே மாட்டிக்கிட்டிருந்தா நாலு வீலும் ஏறற பிளாட்பெட்தான், வேற வழியில இழுக்க விடாதீங்க.